கெல்ட்டியப் பருவ விழாக்கள்: சொற்சான்றும் வழக்குச்சான்றும்

அயர்லாந்தின் மிகப் பழைய சொல்விளக்க நூல்களுள் ஒன்று 1868ஆம் ஆண்டு கல்கத்தாவில் அச்சேறியது. காஷெல் நகரத்து அரசரும் ஆயருமாக விளங்கி 908இல் போரில் மாண்ட கோர்மக் என்பாரின் பெயரால் வழங்கும் அந்நூலை ஜான் ஓடோனவன் ஆங்கிலத்தில் பெயர்த்து வைத்திருந்தார். அவர் 1861இல் மறைந்தபின், அம்மொழிபெயர்ப்பைச் செப்பஞ்செய்து குறிப்புரையுடன் வெளியிட்டவர் விட்லி ஸ்டோக்ஸ். 1862இல் வழக்கறிஞராகச் சென்னைக்கு வந்து, பின்னர் அரசப் பிரதிநிதியின் ஆட்சிக்குழுவில் சட்ட உறுப்பினராக 1877 முதல் 1882 வரை பணியாற்றியவர் அவர். இந்தியாவின் உரிமையியல், குற்றவியல் நடைமுறைச் சட்டங்களை வரைந்த அதே கை பழைய ஐரிஷ் ஏடுகளையும் பதிப்பித்தது என்பது பலரும் அறியாத செய்தி. கெல்ட்டிய மக்களின் பருவ விழாக்களைப் பற்றி இன்று எழுதுவோர் மீண்டும் மீண்டும் எடுத்துக்காட்டும் சான்றுகளுள் சில அந்நூலில்தான் உள்ளன. ஆயினும் அதனை ஒரு சொல்விளக்க நூலாகப் படித்தவர்களைவிட, சடங்குகளை நேரில் கண்டெழுதிய குறிப்பாகப் படித்தவர்களே மிகுதி.

கெல்ட்டியப் பண்பாடு குறித்துப் பொதுவாசகர்க்கென எழுதப்படும் நூல்களில் ஓர் ஆண்டுச்சக்கரம் தவறாது இடம்பெறும். நவம்பர் முதல்நாள் சௌவின், பிப்ரவரி முதல்நாள் இம்பொல்க், மே முதல்நாள் பெல்தினே, ஆகஸ்டு முதல்நாள் லூனசா என நான்கு விழாக்கள். இவை அயர்லாந்து தொடங்கிப் பண்டைக் கோல் நாடு (இன்றைய பிரான்சு) ஈறாகக் கெல்ட்டியர் அனைவர்க்கும் பொது. அவற்றுள் சௌவினே புத்தாண்டு. அதனை மறைக்கவே கிறித்தவத் திருச்சபை அனைத்துப் புனிதர் திருநாளை அந்நாளில் அமைத்தது என்று அச்சித்திரம் விரிந்துசெல்லும். சித்திரம் அழகியது. ஆனால் அதற்கு ஆதாரமாக நிற்பவற்றுள் பெரும்பகுதி தொல்பொருள் அன்று, கல்வெட்டும் அன்று; சொற்களே. எனவே அதனை எடைபோடும் பொறுப்பும் முதற்கண் மொழியியலுக்கே உரியது.

பெயரின் வரலாறு

'கெல்ட்டியர்' என்னும் பெயரைக் கிரேக்க, உரோமானிய ஆசிரியர்கள் ஐரோப்பியப் பெருநிலத்து மக்கள் சிலர்க்கு வழங்கினர். அயர்லாந்து மக்களோ வேல்ஸ் மக்களோ இடைக்காலத்தில் தம்மை அப்பெயரால் குறித்ததற்குச் சான்றில்லை. 1582இல் வெளிவந்த தம் ஸ்காட்லாந்து வரலாற்றில் ஜார்ஜ் புக்கானன் இத்தீவுகளின் பழங்குடிகளைக் கோல் நாட்டு மொழிகளோடு தொடர்புறுத்தினார். 1703இல் பெஸ்ரோன் என்னும் பிரெத்தோன் துறவி கெல்ட்டியரின் தொன்மை குறித்து எழுதினார். 1707இல் எட்வர்டு லூயிட் தம் ஒப்பியல் ஆய்வை வெளியிட்டு ஐரிஷ், வெல்ஷ், கார்னிஷ், பிரெத்தோன் ஆகிய மொழிகளின் உறவைச் சொற்பட்டியல்களால் நிறுவினார். 1786இல் கல்கத்தாவில் ஆற்றிய புகழ்பெற்ற உரையில் வில்லியம் ஜோன்ஸ், வடமொழியோடு உறவுடைய மொழிகளின் வரிசையில் கெல்ட்டியத்தையும் சற்றுத் தயக்கத்தோடு சேர்த்தார். 1853இல் வெளிவந்த சொய்ஸின் இலக்கணம் அத்தயக்கத்தைப் போக்கியது.

இவ்வரலாறு காட்டுவது ஒன்றே. 'கெல்ட்டியம்' என்பது ஒரு மொழிக்குடும்பத்தின் பெயராகவே ஐயத்திற்கு இடமின்றி நிலைபெற்றது. மகனை ஐரிஷ் 'மாக்' என்றும் வெல்ஷ் 'மாப்' என்றும் வழங்குவதும், தலையை முன்னது 'கென்' என்றும் பின்னது 'பென்' என்றும் வழங்குவதும் ஒழுங்கான ஒலித்திரிபு. இவ்வொழுங்கு விழாவிற்கும் இசைக்கும் கதைக்கும் தானே பொருந்திவிடாது. மொழிகள் உறவுடையன என்பதனால் அவற்றைப் பேசுவோரின் நாட்காட்டியும் ஒன்றாகவே இருந்திருக்கும் என்று முடிவுகட்டுதல், இந்தோ ஐரோப்பிய மொழி பேசுவோர் அனைவரும் ஒரே நாளில் அறுவடை விழா கொண்டாடினர் என்பது போன்றதாகும். மால்கம் சாப்மன் 1992இலும் சைமன் ஜேம்ஸ் 1999இலும் வெளியிட்ட நூல்கள் இப்பெயரின் பிற்காலப் பெருக்கத்தைக் கடுமையாக விமரிசித்தன. அவற்றின் கடுமையில் மொழிச்சான்று உரிய இடம் பெறாமற்போயிற்று என்பதும் குறிக்கத்தக்கது. பெயர் பிற்காலத்தது என்பதால் உறவும் பிற்காலத்தது ஆகிவிடாது.

நான்கா, இரண்டா?

நான்கு விழாக்களின் பெயர்களையும் கெல்ட்டிய மொழிகள்தோறும் வைத்துப் பார்ப்பின் நிலைமை விளங்கும். ஐரிஷ் மொழியில் மே மாதத்தின் பெயரே பெல்தினே. ஆகஸ்டின் பெயர் லூனசா. நவம்பரின் பெயர் சௌவின். இன்றும் பள்ளிச் சிறுவரின் குறிப்பேட்டிலும் அரசு மடல்களிலும் நாள் குறிக்க எழுதப்படும் சாதாரணச் சொற்கள் இவை. ஸ்காட்லாந்துக் கேலிக்கும் மான் தீவின் மான்க்ஸும் இவற்றின் இனச்சொற்களைக் கொண்டுள்ளன. இம்மூன்றும் கெல்ட்டியத்தின் ஒரே கிளையைச் சேர்ந்தவை. இடைக்காலத்தின் தொடக்கத்தில் ஏறத்தாழ ஒரே மொழியாக இருந்தவை.

மறுகிளையாகிய வெல்ஷ், கார்னிஷ், பிரெத்தோன் மொழிகளுக்குச் சென்றால் இப்பெயர்களுள் ஒன்றும் இல்லை. வெல்ஷ் மொழியில் நவம்பர் முதல்நாள் 'கலன் கயஃப்', அதாவது குளிர்காலத்தின் முதல்நாள். மே முதல்நாள் 'கலன் மை' அல்லது 'கலன் ஹாஃப்'. பின்னது கோடையின் முதல்நாள் எனப் பொருள்படும். 'கலன்' என்பது மாத முதல்நாளைக் குறித்த இலத்தீன் சொல்லின் திரிபு. ஆகஸ்டு முதல்நாளின் வெல்ஷ் பெயர் உரோமப் பேரரசன் அகுஸ்துவின் பெயரைத் தாங்கிய மாதப்பெயராலேயே அமைந்தது. பிப்ரவரித் தொடக்கத்திலோ மரியன்னையின் மெழுகுதிரி விழா. இவற்றுள் லூகு என்னும் கடவுளும் இல்லை, இம்பொல்க்கும் இல்லை.

ஆயின் இரு கிளைகளுக்கும் பொதுவான பருவச்சொற்களே இல்லையா எனின், உள்ளன. அவை நான்கல்ல, இரண்டு. கோடையைக் குறிக்கும் பழைய ஐரிஷ் 'சம்', வெல்ஷ் 'ஹாஃப்' ஆகியவை ஒரே மூலத்தின. வடமொழியில் ஆண்டினையும் அரையாண்டினையும் குறிக்கும் 'சமா' இவற்றின் உறவுச்சொல். குளிர்காலத்தைக் குறிக்கும் பழைய ஐரிஷ் 'கம்', வெல்ஷ் 'கயஃப்' ஆகியவற்றின் மூலமும் ஒன்றே. வடமொழி 'ஹிம', 'ஹேமந்த' என்பனவற்றோடு உறவுடையது அது. பெரும்பொழுதுகளுள் முன்பனிக்கு 'ஏமந்தம்' என்னும் பெயரும் உண்டென அறிந்த தமிழ் வாசகர்க்கு இவ்வேர் புதியதன்று. மேலும், கோடையின் தொடக்கத்தைக் குறிக்கும் பழைய ஐரிஷ் 'கேத்தமன்', வெல்ஷ் 'கந்தெவின்' என்னும் இரண்டும் 'முதற்கோடை' என்னும் ஒரே தொடரிலிருந்து பிறந்தவை. ஆண்டைக் கோடைப்பாதி, குளிர்ப்பாதி என இரண்டாகப் பகுத்து, மே முதலிலும் நவம்பர் முதலிலும் அவற்றின் வாயில்களை வைத்த வழக்கு இரு கிளைகளுக்கும் பொதுவாக இருந்தது என்ற அளவிற்குச் சொற்சான்று இடந்தருகிறது. கால்நடைகளை மேட்டுப்புல்வெளிக்கு ஏற்றுவதும் திரும்ப இறக்குவதுமான ஆயர் வாழ்க்கைக்கு அப்பகுப்பு இயல்பானது. அதற்குமேல் நான்கு என்பது ஐரிஷ் கிளையின் செய்தி; அதனைக் 'கெல்ட்டியம்' என்று விரிப்பது சான்றை மீறுவதாகும்.

ஐரிஷ் கிளைக்குள் நான்கும் உறுதியாகவே உள்ளன. வீரன் கூ-ஹுலின் எமெர் என்பாளை மணக்க வந்த பழங்கதையில், ஆண்டின் நான்கு எல்லைநாட்கள் வரிசையாகக் கூறப்படுகின்றன. ஆங்கும் நான்காவது நாளுக்குத் தரப்படும் பெயர் லூனசா அன்று, 'ப்ரோன் ட்ரோகன்' என்பது சிந்திக்கத்தக்கது. ஒரு நாளுக்கு இரு பெயர்கள் அன்றே வழங்கியிருக்கின்றன.

புத்தாண்டு என்னும் வட்டவாதம்

சௌவின் கெல்ட்டியப் புத்தாண்டு என்னும் கொள்கைக்கு வயது ஒன்றரை நூற்றாண்டுகூட இல்லை. ஆக்ஸ்போர்டில் கெல்ட்டியப் பேராசிரியராக இருந்த ஜான் ரீஸ் தம் 1886ஆம் ஆண்டுச் சொற்பொழிவுகளில் அதனை முன்வைத்தார்; மான் தீவில் அக்டோபர் இறுதி இரவில் பாடித்திரிவோரின் பாட்டில் புத்தாண்டுக் குறிப்பு இருந்ததைப் பின்னர் ஆதரவாகக் காட்டினார். ஜேம்ஸ் பிரேசர் அதனை ஏற்றுத் தம் பெருநூலில் எழுத, அது பொதுவறிவாயிற்று. பழைய ஐரிஷ் நூல்கள் அதனைத் தெளிவாகச் சொல்லவில்லை. ரொனால்டு ஹட்டன் 1996இல் வெளியிட்ட பிரித்தானிய ஆண்டுவிழாக்கள் பற்றிய நூலில் இச்சான்றின் மெலிவை எடுத்துக்காட்டியது இத்துறையில் நிகழ்ந்த மிகப் பயனுள்ள திறனாய்வு எனலாம்.

1897இல் பிரான்சின் கொலின்யி என்னும் ஊரருகே உடைந்த வெண்கலத் தகடுகளாகக் கிடைத்த நாட்காட்டி இக்கொள்கைக்குப் பெருந்துணையாகக் காட்டப்பட்டது. உரோமானிய எழுத்தில் கோலிய மொழியில் அமைந்த அதில், ஐந்தாண்டுகளின் மாதங்களும் இரு மிகைமாதங்களும் குறிக்கப்பட்டுள்ளன. முதல் மாதம் 'சமோன்' எனத் தொடங்குகிறது. ஏழாவது 'கியமோன்' எனத் தொடங்குகிறது. கோடை, குளிர் என்னும் அதே இரு வேர்கள் ஆண்டின் இருபாதிகளுக்கும் தலைமை தாங்குவது மேற்கூறிய இருபகுப்பிற்கு நல்ல சான்று. ஆனால் சமோன் மாதம் பருவங்களுள் எங்கு விழுகிறது என்பது இன்றளவும் முடிவாகாத வழக்கு. சௌவின் நவம்பரில் வருவதால் சமோனையும் அங்கே வைப்பவர்கள், சமோன் முதல் மாதம் ஆதலால் சௌவின் புத்தாண்டு என்று முடிவுகட்டுகின்றனர். நிறுவவேண்டிய கருத்தே சான்றாக நிற்கும் இவ்வாதம் நூல்தோறும் இடம்பெயர்ந்து, ஒன்றற்கொன்று துணையான இரு தனிச்சான்றுகள் போலத் தோற்றமளிக்கிறது.

அனைத்துப் புனிதர் திருநாள் பற்றிய கூற்றும் அத்தகையதே. நவம்பர் முதல்நாளில் அத்திருநாளைக் கொண்டாடும் வழக்கு 800ஆம் ஆண்டளவில் இங்கிலாந்திலும் செருமானிய நாடுகளிலும் பரவியது. அதே காலத்து அயர்லாந்துத் திருச்சபையோ ஏப்ரல் 20ஆம் நாளில் புனிதர் அனைவரையும் நினைவுகூர்ந்தது. சௌவினை மறைக்க எண்ணியிருப்பின், சௌவின் கொண்டாடிய நாட்டிலன்றோ அம்முயற்சி தொடங்கியிருக்கும்?

சௌவின் என்னும் சொல்லின் பொருளும் முடிந்த முடிபன்று. 'சம்' கோடை, 'புயின்' முடிவு எனப் பிரித்துக் 'கோடை முடிவு' என்று விளக்குவது இடைக்கால ஐரிஷ் புலவர் மரபு. அது கேட்பதற்கு இனிது. சொல்லின் ஈற்றினை விளக்கப் போதாது. கோடை என்னும் வேரோடு மட்டும் தொடர்புறுத்துவோர் ஒரு சாரார். ஸ்டோக்ஸ் தம் இறுதிக்காலத்தில், 1907இல், வடமொழிச் 'சமன' என்பதனோடு ஒப்பிட்டு 'கூட்டம், அவை' என்று பொருள்கொண்டார். சௌவின் நாளில் அரசவை கூடியதைப் பழைய கதைகள் பலவும் கூறுவதால் அவ்விளக்கமும் எளிதில் தள்ளத்தக்கதன்று.

கோர்மக்கின் விளக்கங்கள்

கோர்மக்கின் நூலில் பெல்தினே 'நற்பேற்றுத் தீ' என விளக்கப்படுகிறது. துருயிதர் எனப்பட்ட பூசகர் மந்திரம் ஓதி இரு தீக்களை மூட்டி, ஆண்டின் நோய்களுக்குக் காப்பாக ஆனிரைகளை அவற்றினிடையே ஓட்டினர் என்னும் செய்தியும் சேர்கிறது. வேறொரு பதிவில் 'பில்' என்பது ஒரு தெய்வவுருவின் பெயராகவும் பெல்தினே அதன் தீயாகவும் கூறப்படும். விவிலியத்தில் வரும் பாகால் தெய்வத்தின் நிழல் இவ்விரண்டாம் விளக்கத்தில் படிந்திருப்பது தெளிவு. எழுதியவர்கள் இலத்தீன் கற்ற துறவியர். சொல்லைச் சிறுதுண்டுகளாக்கி, ஒவ்வொன்றிற்கும் இலத்தீனிலோ கிரேக்கத்திலோ எபிரேயத்திலோ பொருள் தேடுவதே அவர்கள் கற்ற முறை. யாஸ்கரின் நிருத்தத்தைப் படித்தவர்க்கு இம்முறை புதிதன்று. ஆங்கும் ஒரே சொல்லுக்கு இரண்டு மூன்று பிறப்புகள் கூறப்படும். அவை ஒன்றையொன்று மறுப்பனவாக ஆசிரியர் கருதுவதில்லை. சொல்லிலிருந்து வெளிக்கொணரக்கூடிய பொருள் அனைத்தும் அச்சொல்லுக்கு உரியதே என்பது அம்மரபின் துணிபு.

இன்றைய மொழியியலார் பலர் பெல்தினேயின் முற்பகுதியை 'ஒளிமிக்க, வெண்ணிற' எனப் பொருள்படும் வேரோடும், பிற்பகுதியைத் தீயைக் குறிக்கும் 'தெனெ' என்பதனோடும் இணைப்பர். 'தெனெ' வடமொழித் 'தபஸ்' பிறந்த அதே வேரிலிருந்து வந்தது. இடையில் நின்ற பகர ஒலி கெல்ட்டியத்தில் மறைந்தது. ஆக, இல்லாத தெய்வம் ஒன்று சொற்பிரிப்பினால் பிறந்து, 19ஆம் நூற்றாண்டின் நூல்களில் கோயிலும் வழிபாடும் பெற்று வளர்ந்தது.

ஈண்டு ஓர் எச்சரிக்கை வேண்டும். கோர்மக்கின் சொற்பிறப்பு பிழை என்பதால் அவர் கூறும் வழக்கமும் பிழையாகிவிடாது. அயர்லாந்திலும் ஸ்காட்லாந்தின் மலைநாட்டிலும் மே தொடக்கத்தில் தீமூட்டுவதும், கால்நடைகளைத் தீயின் அருகே செலுத்துவதும் 18, 19ஆம் நூற்றாண்டுகளின் பதிவுகளில் மீண்டும் காணப்படுகின்றன. அறிவுரைத்த பிறப்பு தவறு. கண்டுரைத்த செயல் மெய். இவ்விரண்டையும் பிரித்தறியாமையே இத்துறையின் தீராக்குறை. ஒரு சாரார் சொற்பிறப்பையும் வழக்கத்தையும் சேர்த்தே நம்பினர். மற்றொரு சாரார் சேர்த்தே தள்ளினர்.

இம்பொல்க் இதன் மறுதலை. கோர்மக் அதனை 'ஓய்மெல்க்' என்று கொண்டு, 'ஓய்' ஆடு, 'மெல்க்' பால் எனப் பிரித்து, ஆடுகள் பால்சுரக்கும் காலம் என்றார். இன்றைய ஆய்வாளர் இடையே 'வயிற்றில்' என்றும், 'கழுவித் தூய்மை செய்தல்' என்றும், பால்கறத்தல் என்னும் வேரடியாகவும் வேறுபட்ட விளக்கங்கள் உள்ளன. எவ்விளக்கத்தைக் கொண்டாலும் மக்கள் வழக்கில் அந்நாளின் பெயர் இம்பொல்க் அன்று. புனித பிரிஜித்தின் திருநாள். கோரைப்புல்லால் சிலுவை பின்னி வாயிலில் வைப்பது அந்நாளின் செயல். 2023 முதல் அயர்லாந்து அரசு அதனைப் பொதுவிடுமுறையாக்கியதும் பிரிஜித்தின் பெயராலேயே.

மாய்ரே மக்நீலின் நூல்

மேற்கூறிய குறைகளுக்குப் பெரிதும் விலக்கானது, ஒருவகையில் அவற்றிற்கே இலக்கானதும், 1962இல் ஆக்ஸ்போர்டு வெளியிட்ட மாய்ரே மக்நீலின் லூனசா விழா பற்றிய நூல். ஏறத்தாழ எழுநூறு பக்கங்கள் கொண்ட அந்நூலுக்கு நிகராக ஒரே பருவநாளை ஆராய்ந்த நாட்டார் வழக்காற்று நூல் ஐரோப்பாவில் அரிது.

அதன் அடித்தளம் 1935இல் தோன்றிய அயர்லாந்து நாட்டார் வழக்காற்று ஆணையம். சேமஸ் ஓ டுலார்கா தலைமையில் இயங்கிய அவ்வாணையத்தின் அலுவலகப் பணியில் தொடக்கம் முதலே இருந்தவர் மக்நீல். களப்பணியாளர் மிதிவண்டியில் ஊர்ஊராகச் சென்று மெழுகுருளைகளில் கதைசொல்லிகளின் குரலைப் பதித்தனர். எழுத்தில் பெயர்த்தபின், பொருட்செலவைக் கருதி உருளைகளைச் சீவி மீண்டும் பயன்படுத்தினர். இதனால் சொற்கள் எஞ்சின. குரல்கள் பெரும்பாலும் எஞ்சவில்லை. 1937, 1938ஆம் ஆண்டுகளில் பள்ளிச் சிறுவர்களே தம் வீட்டு முதியோரிடம் கேட்டெழுதிய பெருந்தொகுதி ஒன்றும் உருவாயிற்று. இத்தொகுப்புகள் இன்று டப்ளின் பல்கலைக்கழகக் கல்லூரியில் பேணப்படுகின்றன. 2017இல் ஆணையத்தின் தொகுப்பை யுனெஸ்கோ உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது.

1942இல் ஆணையம் நாடெங்கும் ஒரு வினாநிரல் அனுப்பியது. ஜூலை இறுதி ஞாயிறன்றோ ஆகஸ்டு முதல் ஞாயிறன்றோ மக்கள் மலையுச்சிக்கும் ஏரிக்கரைக்கும் திருக்கிணறுகளுக்கும் சென்று கூடியதுண்டா என்பதே வினா. வந்த விடைகளைக் கொண்டு ஏறத்தாழ இருநூறு கூடுமிடங்களை மக்நீல் ஒவ்வொன்றாக ஆராய்ந்தார். புதுவிளைச்சலின் முதல் உணவு அந்நாளில். அதற்குமுன் கிழங்கு தோண்டுவது குடித்தனத்திற்கு இழுக்கு. முந்தைய விளைச்சல் தீர்ந்து புதியது வராத ஜூலை மாதத்திற்குப் 'பசி ஜூலை' என்றும் 'முட்டைக்கோசு ஜூலை' என்றும் பெயர்கள். இளையோர் மலைச்சரிவில் காட்டுக்கனி பறிப்பர், பெண்பார்ப்பதும் அங்கேயே. விழாவின் நடுவே நிற்கும் உணவு உருளைக்கிழங்கு என்பதை மறக்கலாகாது. அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த அப்பயிர், தானியத்தின் இடத்தில் அமர்ந்து, தானியத்தின் சடங்கையும் தனதாக்கிக் கொண்டது. பயிர் மாறியும் நாள் மாறாமை மக்நீல் நிறுவிய செய்திகளுள் தலையாயது.

ஆயினும் நூலின் பெயரே ஒரு வினாவை எழுப்புகிறது. விடையளித்த மக்கள் அந்நாளை லூனசா என்று அழைக்கவில்லை. 'மாலை ஞாயிறு', 'காட்டுக்கனி ஞாயிறு', 'மலை ஞாயிறு' என்பனவே ஆங்கிலம் பேசுவோரிடையே வழங்கிய பெயர்கள். ஐரிஷ் பேசுவோர் 'க்ரோம் துவ்வின் ஞாயிறு' என்றனர். அவ்விடங்களில் சொல்லப்பட்ட கதைகளிலும் லூகு தோன்றுவது மிக அரிது. ஆங்கு நிற்போர் இருவர்: தானியமும் காளையும் உடைய கறுத்த செல்வன் க்ரோம் துவ், அவனை வென்று மனந்திருப்பும் புனித பாட்ரிக். கெர்ரி மாவட்டத்து பிராண்டன் மலைப்புறத்தில் பாட்ரிக்கின் இடத்தில் பிரெண்டன் வருவார். அம்மலையடியிலுள்ள சிதைந்த தேவாலயச் சுவரில் க்ரோம் துவ்வின் தலை எனப்பட்ட கல் ஒன்று பதிந்திருந்தது. 1993இல் அது களவுபோயிற்று.

பாட்ரிக் என்பது கிறித்தவம் அணிவித்த மாற்றுடை. அதன் உள்ளே இருப்பவன் லூகு. விளைச்சலைப் பிடித்துவைத்திருக்கும் பழந்தெய்வத்திடமிருந்து இளந்தெய்வம் மக்களுக்காக அதனை வெல்வதே விழாவின் தொன்மம் என்பது மக்நீலின் முடிபு. இடைக்கால நூல்களில் லூகு தன் வளர்ப்புத்தாய் டால்டியுவின் நினைவாகக் கூட்டம் நிறுவியதும், லூனசா என்னும் சொல்லே 'லூகுவின் கூட்டம்' எனப் பொருள்படுவதும் அவருக்குத் துணை. இச்சொற்பிறப்பில் ஐயமில்லை. ஐயம் அடுத்த படியில் எழுகிறது. நூலேட்டில் உள்ள லூகுவையும் மலையுச்சியில் உள்ள பாட்ரிக்கையும் இணைக்கும் இடைக்கண்ணி ஆய்வாளரின் ஊகமே. கதைசொல்லி பாட்ரிக் என்று கூறுமிடத்தில் லூகு என்று படிக்க வேண்டுமெனின், அக்கதைசொல்லியின் ஆயிரத்தைந்நூறு ஆண்டுக் கிறித்தவம் வெறும் உறையாகிவிடுகிறது. அவர் நம்பியதும் தன் மக்களுக்குச் சொன்னதும் பாட்ரிக்கைத்தான். பழமையைத் தேடும் ஆர்வத்தில் அண்மையை இழக்கும் இக்குறை மக்நீலிடம் சிறிது. அவரைப் படித்து எழுதியவர்களிடம் பெரிது. இடம், நாள், பெயர், சொல்லியவர் என ஒவ்வொன்றையும் அவர் தம் ஊகத்தினின்று பிரித்தே பதிவுசெய்திருப்பதால், அவரை மறுக்க விரும்புவோர்க்கும் அவர் நூலே கருவூலம். இது சிறிய புகழன்று.

லூகுவைக் கண்டம் முழுவதற்கும் விரிக்க மற்றொரு சான்றும் கூறப்படுவதுண்டு. பிரான்சின் லியோன் நகரத்துப் பழம்பெயர் 'லூக்துனும்'. அங்கே கோல் நாட்டு மன்றம் கி.மு. 12 முதல் ஆகஸ்டு முதல்நாளில் கூடியது. ஆகவே அது லூனசா என்பர். ஆனால் ஆகஸ்டு முதல்நாள், கி.மு. 30இல் அகுஸ்து அலெக்சாந்திரியாவைக் கைப்பற்றிய நாள். உரோமுக்கும் அகுஸ்துவுக்கும் எடுத்த பலிபீடத்தைச் சுற்றிக் கூடிய மன்றத்திற்கு நாள்குறிக்க அந்த ஒரு காரணமே போதும்.

மெட்டும் சொல்லும்

விழாவிற்கு நேர்ந்தது இசைக்கும் நேர்ந்தது. அங்கே இழப்பைத் துல்லியமாக அளந்தறிய முடிகிறது. 1792 ஜூலையில் பெல்பாஸ்ட் நகரில் யாழிசைஞர் கூட்டம் ஒன்று கூட்டப்பட்டது. வந்தவர் அயர்லாந்தினர் பதின்மர், வேல்ஸ் நாட்டவர் ஒருவர். பத்தொன்பது வயது நிரம்பிய எட்வர்டு பண்டிங் அவர்தம் இசையை எழுதிக்கொள்ள அமர்த்தப்பட்டார். வந்தவர்களுள் மூத்தவரான ஹெம்ப்சன் தொண்ணூறு கடந்தவர். உலோக நரம்புகளை நீண்ட நகங்களால் மீட்டும் பழைய முறை அவரோடு முடிந்தது. பண்டிங் தம் முதல் தொகுதியை 1796இல் பியானோவுக்கு ஏற்ப அமைத்து வெளியிட்டார். அதில் மெட்டுகள் இருந்தன. பாடல்களின் சொற்கள் இல்லை.

குறையை அவர் உணராமலில்லை. 1802இல் ஐரிஷ் அறிந்த பாட்ரிக் லிஞ்ச் என்னும் ஆசிரியரை மேற்கே கொன்னாக்ட் பகுதிக்கு அனுப்பினார். லிஞ்ச் ஊர்ஊராகச் சென்று பாடல்களின் ஐரிஷ் சொற்களை எழுதிவந்தார். ஆனால் 1809இல் வெளிவந்த இரண்டாம் தொகுதியில் அச்சொற்கள் இடம்பெறவில்லை. ஆங்கிலக் கவிதைகளே மெட்டுகளில் பொருத்தப்பட்டன. 1803ஆம் ஆண்டுக் கிளர்ச்சியின் பின் நடந்த வழக்கில் லிஞ்ச் சாட்சியாக நிறுத்தப்பட்டதும், ஆங்கில நூலுக்கே விலைபோகும் என்ற கணக்கும் இதற்குக் காரணங்களாகக் கூறப்படும். இதனிடையே 1808 முதல் தாமஸ் மூர் பண்டிங்கின் மெட்டுகளை எடுத்துத் தம் ஆங்கிலப் பாடல்களை அமைத்துப் பெரும்புகழ் பெற்றார்.

இது சொற்களை மட்டும் இழந்த இழப்பன்று. அக்காலத்து ஐரிஷ் பாடல்யாப்பு அழுத்தம் பெறும் உயிரொலிகளின் ஒப்புமையால் கட்டப்படுவது. ஓரடியின் எவ்வசையில் எவ்வுயிர் வந்ததோ, அடுத்த அடியிலும் அதே இடத்தில் அதே உயிர் வரவேண்டும். நெட்டுயிர் நிற்கும் இடத்தில் பாடகர் மெட்டை விரிப்பார். சொல்லின் பொருளுக்கேற்ப நிறுத்துவார். சொல் நீங்கிய மெட்டைச் சம அளவுக் கட்டங்களில் அடைத்தபோது, எந்தச் சுரம் எதற்காக நீண்டது என்பதை அறியும் வழி அடைபட்டது. இன்று 'கெல்ட்டிய இசை' என்னும் பெயரில் உலகெங்கும் விற்பனையாகும் ஒலிப்பதிவுகளின் மெல்லிய சோகம் ஒரு மக்களின் இயல்பு என்று விளம்பரப்படுத்தப்படுகிறது. அதில் பண்டிங்கின் பியானோவுக்கும் மூரின் வரவேற்பறைக்கும் உள்ள பங்கு ஆராயத்தக்கது. துணைக்கருவி இன்றித் தாய்மொழியில் தனித்துப் பாடும் மேற்குக்கரை மரபினர், கெல்ட்டியர் என்றன்றித் தம் ஊரின் பெயராலேயே தம் பாட்டைக் குறித்துவந்துள்ளனர்.

'கெல்ட்டியம்' என்னும் பெயர்ப்பலகை பெரிதாகுந்தோறும் அதன்கீழ் மொழிகள் சிறுத்துவந்தன என்பதே கவலைக்குரியது. அயர்லாந்தின் 2022ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் ஐரிஷ் பேச அறிவோம் என்றவர் 18 லட்சத்திற்கும் மேல். பள்ளிக்கு வெளியே நாள்தோறும் பேசுவோர் 71,968 பேரே. மான்க்ஸ் மொழியின் இறுதித் தாய்மொழியாளராகக் கருதப்படும் நெட் மாட்ரல் 1974இல் மறைந்தார். அவரையும் அவரையொத்த முதியோர் சிலரையும் 1948இல் அயர்லாந்து ஆணையத்தின் ஒலிப்பதிவு வண்டி சென்று பதிவுசெய்திருந்தது. மான் தீவினர் இன்று தம் மொழியை மீளக் கற்பதற்கு அப்பதிவுகளும் துணையாயின. விழாவைக் கெல்ட்டியம் என்று கொண்டாடுவோர் கோடிக்கணக்கானோர். லூனசா என்பதனை ஒரு மாதத்தின் பெயராகச் சிந்தனையின்றி நாவில் வழங்குவோர் அவருள் மிகச்சிலர். அச்சிலரின் சிந்தனையற்ற வழக்கே அச்சொல்லின் தொன்மைக்கு இன்றுள்ள உயிர்ச்சான்று.

லிஞ்ச் எழுதிய ஏடுகள் அழியவில்லை. பண்டிங்கின் ஏனைய கையெழுத்துப்படிகளோடு அவை பெல்பாஸ்டின் குயின்ஸ் பல்கலைக்கழக நூலகத்தை அடைந்தன. டோனல் ஓசலிவன் 1927 முதல் 1939 வரை, மெட்டுகளை அவற்றிற்குரிய ஐரிஷ் சொற்களோடு மீண்டும் இணைத்து அயர்லாந்து நாட்டுப்பாடல் கழகத்தின் இதழில் பகுதி பகுதியாகப் பதிப்பித்தார். லிஞ்ச் கேட்டெழுதிய ஆண்டிற்கும் அப்பதிப்பின் தொடக்கத்திற்கும் இடையே 125 ஆண்டுகள். 1851ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில், பெரும்பஞ்சத்தின் பின்னரும், ஐரிஷ் பேசுவோர் பதினைந்து லட்சமாக எஞ்சியிருந்தனர். ஓசலிவனின் பதிப்பு வெளிவந்தபோது அப்பாடல்களைப் படித்துப் பாடவல்லவர்கள் பெரும்பாலும் மேற்குக்கரையின் சில ஊர்களில் இருந்தனர். அவ்விதழ் அச்சானது இலண்டனில்.